முப்பத்திரண்டாவது கம்பெனி

முப்பத்தொரு கம்பெனிகள் வேண்டாம் என்று சொன்ன ஆளை முப்பத்திரண்டாவது கம்பெனி ‘வா, வா’ என்று கூப்பிட்டால், அவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. கடிதத்தைப் படித்தேன். மடித்தேன். ஃப்ரிட்ஜின் தலையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

“அது என்ன காகிதம்?”

“வேலை கிடைச்சிருக்கு. லாரி கம்பெனி.”

“எப்ப வந்தது?”

“காலைல.”

“காலைல வந்ததைச் சாயங்காலம் சொல்றீங்க! அதுவும் நான் கேட்டப்புறம்!”

“நீ முன்னாடி கேக்கலையே.”

“முதல் பத்து கம்பெனி வரைக்கும் கேட்டேன் சாமி. அப்புறம் எனக்கே வாய் வலிச்சுடுச்சு.”

நியாயம்தான். பதினொரு வருடம் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன் நான். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனபோது கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைக்காமல் போனது. அழவில்லை, கத்தவில்லை, குடிக்கவில்லை. மனைவி ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் குழம்பு வைத்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் உப்பு டப்பாவை என் தட்டருகே வைத்துவிட்டுப் போனாள். அது எதற்கு என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

கனரக லைசென்ஸ் எடுக்கும் யோசனையும் அவளுடையதுதான். எடுத்தேன். எடுத்து நான்கு மாதம். பயிற்சிப் பள்ளியில் மற்றவர்கள் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது வியர்த்துக் கொட்டுவார்கள். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்சக்கரம்தான் திரும்பும் என்பதால், எனக்கு அந்த ஏடாகூடம் பதினொரு வருடப் பழக்கம். “உனக்கு முதுகுல கண்ணு இருக்காய்யா?” என்று பயிற்சியாளர் கேட்டார். அதற்கும் எனக்குப் பெருமை வரவில்லை.

ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. ‘இரண்டு வருட அனுபவம் இருக்கா?’ இல்லை என்றால், ‘அனுபவத்தோடு வாங்க.’ அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரும் விலாசம் தரவில்லை.

முப்பத்திரண்டாவது கம்பெனி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ‘புதிய ஓட்டுநர்களும் விண்ணப்பிக்கலாம். பதவி: இணை ஓட்டுநர். இரண்டு ஆண்டு முடிவில் அனுபவச் சான்றிதழ் உண்டு. புதன்கிழமை ஒரு சோதனைப் பயணம். வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் கையெழுத்து.’

“சான்றிதழ் கொடுக்கறாங்களே!” என்றாள் மனைவி. “அது கையில இருந்தா அந்த முப்பத்தொரு பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க.”

“ம்.”

“‘ம்’மா? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, பல்லு கொட்டிடுமா?”

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு யார்டில் நின்றேன்.

ஆறு லாரிகள், ஒரு தகரக் கூரை, டீசல் நாற்றம். எனக்கு ஒதுக்கப்பட்ட வண்டியின் ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரை யார்டில் எல்லோரும் ராக்கோழி என்று கூப்பிட்டார்கள். ஆள் தூங்கியே யாரும் பார்த்ததில்லையாம். அதை ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி அவரே சொல்லிக்கொண்டார். கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. கண்கள் மட்டும் வெங்காயம் உரித்தவன் கண்கள் மாதிரி இருந்தன.

“ஏறு தம்பி. கார்டு கொண்டாந்தியா?”

கொடுத்தேன். ஓட்டுநர் கார்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். லாரியின் முகப்பில் டாக்கோ என்று ஒரு கருவி உண்டு. அதில் இரண்டு துளை. முதல் துளையில் எவன் கார்டு இருக்கிறதோ அவன் ஓட்டுகிறான் என்று கருவி எழுதிக்கொள்ளும். இரண்டாம் துளை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு. தொடர்ந்து நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பயிற்சிப் பள்ளியில் முதல் பாடமே இதுதான். கருவி பொய் சொல்லாது என்று அங்கே சுவரில் எழுதியிருந்தார்கள்.

தரை டைல்ஸ் லோடு. போக ஐந்தரை மணி நேரம், வர ஐந்தரை. இரண்டு ஆள் மாற்றி மாற்றி ஓட்டினால் சரியாக இருக்கும். ஒன்பதரை மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். என் முறை. கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

“எங்க போற?”

“மாறி உட்கார வேண்டாமாண்ணே?”

ராக்கோழி தன் கார்டை முதல் துளையிலிருந்து உருவினார். என் கார்டை இரண்டாவதிலிருந்து எடுத்து அங்கே செருகினார். தன்னுடையதை இரண்டாவதில் போட்டார். “கார்டு மாறிடுச்சுல்ல? போதும். இப்ப நீதான் ஓட்டற. உட்காரு ராஜா.” புதுக் கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர்களுக்கு வேண்டியது என் கை இல்லை, என் கார்டு. நான் அந்தக் கார்டுடன் இலவசமாக வந்த ஆள்.

அதிர்ச்சி அடைந்திருக்க வேண்டும். நான் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அது நகரும்போது அடியில் எதுவோ தடுத்தது. கையை விட்டு இழுத்தேன். வார இதழ்கள். கட்டுக் கட்டாக, இரண்டு வருடத்து இதழ்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கெழுத்துப் பக்கம் மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. பழைய இதழ்களில் பென்சில். அழித்து அழித்துக் காகிதம் கிழிந்திருந்தது. அப்புறம் பேனா, அங்கங்கே அடித்தல். கடைசி ஆறு மாதத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை. இந்த இருக்கையில் உட்கார்ந்த ஒரு மனிதன் இரண்டு வருடத்தில் பெரிய நிபுணன் ஆகியிருந்தான்.

“இது யாருதுண்ணே?”

“கட்டம்னு ஒருத்தன். உனக்கு முன்னாடி இருந்தவன். எப்பப் பார்த்தாலும் கட்டத்தை ரொப்பிட்டே இருப்பான். சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போன மாசம் பெரிய கம்பெனிக்குப் போயிட்டான். கொடுத்துவெச்சவன்!”

ஆக, நடக்கிற காரியம்தான். இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தால் போதும்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பகல் இரண்டு மணி. நேர்ச் சாலை, கண்ணாடி முழுக்க வெயில். டயர் ‘ர்ர்ர்’ என்று அலறியது. சாலையோர வெள்ளைக் கோட்டின் மேடுகளில் ஓடிக்கொண்டிருந்தோம். அதைத் தாண்டினால் இரும்பு வேலி. அதையும் தாண்டினால் பள்ளம். திரும்பிப் பார்த்தேன். ராக்கோழியின் கண்கள் திறந்துதான் இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

“அண்ணே.”

நிதானமாகத்தான் சொன்னேன், வெற்றிலைக் கடையில் சில்லறை கேட்கிற தொனியில். அவர் தூக்கிவாரிப்போட்டு ஸ்டியரிங்கை இழுத்தார். டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடி நேரானது.

“பார்த்துட்டுதான்டா இருக்கேன்,” என்றார்.

டாக்கோவைப் பார்த்தேன். முதல் துளையில் என் கார்டு. வண்டி உருண்டிருந்தால் உருட்டியவன் நான். செத்தவனும் நான். இதை எல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி யோசிக்கிற மாதிரி யோசித்தேன். நாடித் துடிப்பு ஒன்றுகூடக் கூடவில்லை.

ஐந்தரை மணிக்கு யார்டு. “வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடு,” என்று என் முதுகில் தட்டினார். நான் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வியாழக்கிழமை மனைவிக்கு விடுமுறை. அடுக்களை மேஜையில் பீன்ஸ் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“அதாவது, ரெண்டு வருஷம் சும்மா உட்காரணும். அதுக்குச் சம்பளம், சர்ட்டிபிகேட்.”

“ஆமா.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க அதைத்தானே பண்றீங்க? உங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச வேலை.” சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “அந்த ஆள் கண்ணு சொருகினப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?”

“ஒண்ணும் இல்ல.”

“பயமா இல்ல?”

“இல்ல.”

“கொஞ்சம்கூட?”

“இல்லைன்னு சொல்றேனே.”

அவள் பீன்ஸை ஒதுக்கித் தள்ளினாள். “எனக்கு அதுதான் பயமா இருக்கு,” என்றாள். “வேலைக்குப் போங்க, போகாதீங்க. அது உங்க இஷ்டம். ஆனா வேலி வரைக்கும் போயும் பயப்படாத மனுஷனை நான் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?”

அன்று முழுவதும் வீட்டிலேயே இருந்தேன். கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக. சரி என்றால் இரண்டு வருடம் கழித்து வாழ்க்கை. வேண்டாம் என்றால் முப்பத்துமூன்றாவது கம்பெனி. இரண்டும் ஒரே எடையாக இருந்தன. கையெழுத்துப் போடுவது சுலபமாகத் தோன்றியது. போட்டுவிட்டால் யோசிக்க வேண்டாமே.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேனேஜர் போனில் இருந்தார். பெஞ்சின் மறுகோடியில் ஒல்லியாக ஒருவர், மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஜோடி ஷூவும் ஒரு வார இதழும்.

“நீங்க... கட்டம்?” என்றேன்.

“பேரு இன்னும் ஓடுதா இங்க?” வெட்கமாகச் சிரித்தார். “நீங்கதான் புதுசா?”

“பெரிய கம்பெனிக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“போனேன். ஒன்பது நாள்.” பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். “சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் சோதனைகூட வெக்கல, புது வண்டி கொடுத்துட்டாங்க. நேர் ரோட்டுல எப்படியோ ஓட்டிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு கிடங்கு. சரக்கு மேடையில ரிவர்ஸ்ல போய் ஒட்டணும். நாற்பது நிமிஷம் தம்பி. டிரெய்லர் போகாத திசையில்ல. பின்னால ஏழு லாரி, ஹாரன் மேல ஹாரன். கடைசியில ஒருத்தன் ‘இறங்குய்யா’ன்னான். இறங்கினேன். அவன் ஒரே மூச்சுல போட்டான். நான் சாவியை அங்கேயே வெச்சுட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டேன்.”

“லைசென்ஸ் வாங்கறப்ப ரிவர்ஸ் எடுத்திருப்பீங்களே?”

“நல்லாவே எடுத்தேன். ரெண்டு வருஷத்துல கை மறந்துடுச்சு.” என் பக்கம் நகர்ந்தார். “நீங்க கையெழுத்துப் போடப் போறீங்களா? தப்பா நினைக்காதீங்க. நீங்க போடலைன்னா அந்தச் சீட்டை எனக்கே கேக்கலாம்னு...”

வேண்டுமா வேண்டாமா என்று நான் யோசிக்கிற இருக்கைக்கு ஒருவர் ஷூவுடன் வந்து வரிசையில் நிற்கிறார். அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“கார்டைப் பத்திரமா எடுத்துட்டீங்கல்ல?” என்றார் அவர், பேச்சு வாக்கில்.

“எந்தக் கார்டு?”

“புதன்கிழமை வண்டியில செருகினது. முதல் நாள் எல்லாப் புது டிரைவரும் மறந்துடுவான். நானும் மறந்தேன். ராக்கோழியும் ஞாபகப்படுத்த மாட்டார்.”

என் கை சட்டைப் பைக்குப் போனது. பர்ஸுக்குப் போனது. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் எடுத்தேன்.

“அந்த வண்டி எங்க இப்ப?”

“நேத்து காலைல கிளம்பிச்சாம். மத்தியானத்துக்குள்ள வந்துடும்.” அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க ரெண்டு நாளா ஓட்டிட்டு இருக்கீங்க தம்பி.”

மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். நல்ல உபசரிப்பு.

“சார், ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஓட்டக் கொடுப்பீங்களா? அண்ணன் பக்கத்துல இருக்கட்டும்.”

“ஐயையோ! இன்சூரன்ஸ் ஒத்துக்காதே. ரெண்டு வருஷ அனுபவம் இல்லாதவர் ஓட்டினா ஒரு கீறலுக்குக்கூட அவங்க பொறுப்பில்ல.”

“ஆனா டாக்கோல நான்தானே ஓட்டறேன்?”

அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். “டாக்கோ வேற, இன்சூரன்ஸ் வேற. ரெண்டையும் ஏன் பேச விடறீங்க?”

“என் கார்டு நேத்திலேர்ந்து வண்டியில இருக்கு.”

“தெரியும். கையெழுத்துப் போட்டீங்கன்னா நேத்திலேர்ந்தே நீங்க எங்க ஸ்டாஃப். போடலைன்னா, கார்டை அடுத்தவனுக்குக் கொடுத்த ஆள். லைசென்ஸ் போயிடும். நான் சொல்லல தம்பி, சட்டம் சொல்லும்.”

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஆனால் ஒன்று பளிச்சென்று விளங்கியது. மேடுகளின் மேல் ஓடிய அந்த நிமிடத்தில், கருவியின் கணக்கில் ஓட்டியவன் நான். இன்சூரன்ஸ் கணக்கில் ஓட்டவே கூடாதவன் நான். மோதியிருந்தால் என் தலையில் விழுவதற்கு ஊரில் பாக்கி எதுவும் இருந்திருக்காது.

வெளியே ஹாரன் கேட்டது. பேனாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனேன்.

ராக்கோழி வந்துவிட்டார். மூன்றாம் எண் சரக்கு மேடையில் டிரெய்லரை ஒட்ட வேண்டும். ஒருமுறை போட்டார், கோணல். முன்னால் எடுத்து மறுபடி போட்டார். தூணின் ரப்பரில் இடித்து நின்றது. கதவைத் திறந்து படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல். கிராம்பு டப்பா கையிலிருந்து உருண்டது.

“தம்பி... நீ போட்டுடு,” என்றார். “ரெண்டு தூணா தெரியுது.”

ஏறினேன். என் கார்டு முதல் துளையில்தான் இருந்தது. சீட்டை என் உயரத்துக்கு இழுத்தேன். கண்ணாடிகளைத் திருப்பினேன். முன்னால் எடுத்து, நேராக்கி, ரிவர்ஸ். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம்; டிரெய்லர் பசு மாதிரி திரும்பியது. இன்னும் கொஞ்சம். நிமிர்த்து. மேடை ரப்பரில் ‘தொப்’ என்று மெத்தையாக உட்கார்ந்தது. கட்டம் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ பையை மார்போடு அணைத்திருந்தார்.

இறங்கவில்லை. டாக்கோவில் பதிவைச் சீட்டாக அச்சடிக்கும் பொத்தானைத் தேடினேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டாவது பாடம். கருவி கிர்ர் என்று காகிதத்தைத் துப்பியது. வியாழனுக்கு ஒன்று: என் பெயர், என் எண், ஒன்பது மணி நேரம். வெள்ளிக்கு ஒன்று: காலையிலிருந்து நாலு மணி நேரம் மூன்று நிமிடம்.

தவறான பதிவு இருந்தால் சீட்டின் பின்பக்கத்தில் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு. மேனேஜரின் பேனா என் கையிலேயே இருந்தது. முதல் சீட்டில் எழுதினேன்: ‘இந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். கார்டை வண்டியில் மறந்துவிட்டேன். ஓட்டியது நான் அல்ல.’ இரண்டாவதில்: ‘கடைசி மூன்று நிமிடம் மட்டும் என்னுடையது.’ இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். கார்டை உருவினேன்.

படியில் உட்கார்ந்திருந்த ராக்கோழி எல்லாவற்றையும் பார்த்தார். தடுக்கவில்லை.

“லைசென்ஸ் ஆபீஸுக்கா?”

“ஆமாண்ணே. புதன்கிழமைக் கதையையும் சேர்த்து நானாப் போய்ச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

“ம். நான் கடைசியா எப்ப வீட்ல தூங்கினேன்னு அந்தப் பெட்டியில இருக்கும். அவங்க பார்த்தா எனக்கும் சொல்லச் சொல்லு.” அப்படியே கதவில் சாய்ந்தார். ராக்கோழி தூங்கியதை யார்டில் முதலில் பார்த்தவன் நான்தான்.

மேனேஜர் படி இறங்கி வந்தார். “கையெழுத்து?” என்றார்.

“போட்டாச்சு சார்,” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவருக்கு விளங்குவதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தேன். பின்னால் கட்டம் அவரிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தது காதில் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. சட்டைப் பையில் கார்டும் இரண்டு சீட்டும். எதிரே ஒரு லாரி சாலையோரக் கோட்டில் ஏறி இறங்கிப் போனது. ‘ர்ர்ர்.’ அவ்வளவுதான். என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் கை. அப்புறம் பல். இரும்பு வேலி, பள்ளம், உள்ளே ஆளில்லாத அந்தக் கண்கள், எல்லாம் ஒரேயடியாக எதிரே வந்து நின்றன. புதன்கிழமை இரண்டு மணிக்கு வரவேண்டிய லோடு, வெள்ளிக்கிழமை பகலில் வந்து சேர்ந்திருந்தது. நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். பின்னணியில் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

“என்னங்க? போட்டாச்சா? என்ன ஆச்சு? குரல் ஏன் இப்படி இருக்கு?”

“எனக்குப் பயமா இருக்கு,” என்றேன்.

மறுமுனையில் அவள் ஒரு இயந்திரத்தை நிறுத்துவது கேட்டது.

“அப்பாடா,” என்றாள் அவள். “அங்கேயே உட்காருங்க. வரேன்.”